அழாத ஆணுக்கு வலிக்காதா? ஆண் மூளையும் பெண் மூளையும் துக்கத்தை வாங்கும் விதம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. ஊத்துக்குளிப் பக்கம் கிராமத்தில் இருந்த அவருடைய மாமனார் மூன்று மாதத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். கணவர் எழவு வீட்டிலும் அழவில்லை, கருமாதியிலும் அழவில்லை. பொழுதோட தோட்டத்துக்குப் போய் இருட்டும் வரை ஒற்றையாக உட்கார்ந்துவிட்டு வருகிறார். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல". சகோதரிக்கோ தூக்கம் இல்லை, நினைத்த நேரம் கண்ணீர். கணவரின் அக்கா, அவருக்கு நங்கையா, "ஆம்பளைங்க மூளையே அப்படித்தான் கண்ணு, அவங்களுக்கு இதெல்லாம் ஏறாது" என்கிறாராம். இது உண்மையா, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார். கடைசியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். ஒன்பது வயதுப் பையன் தாத்தாவுக்காக அழுதபோது "ஆம்பளப் பையன் அழலாமா" என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்களாம். அவனும் அப்பனாட்டவே ஆகிவிடுவானா?

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏறாது என்பது தவறு. நன்றாகவே ஏறுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, எது மனதைத் தைக்கிறது, தைத்தது எந்த வழியாக வெளியே வருகிறது, வெளியே வர யார் இடம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வலியின் அளவில் இல்லை.

நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் 20 வருடத்துக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், விசைத்தறி ஓட்டுகிறவர். கூடப் பிறந்த தம்பி விபத்தில் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததுமே மனைவிக்கு அழுகை. "கல்லாட்ட உக்காந்திருக்கார்ங்க டாக்டர். கூடப் பொறந்தவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரலீங்க. இவருக்கு மனசே இல்லீங்க." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நெஞ்சு கரிப்புங்க. கேஸ் மாத்திரை எழுதிக் குடுங்க, போதும்" என்றார்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், அதை முதலில் அந்தம்மா விரலில் மாட்டினேன். அழுதுகொண்டிருந்தவரின் நாடித்துடிப்பு 86. கழற்றி அவர் விரலில் மாட்டினேன். 118. அசையாமல், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு 118. உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. பிரஷர் 164-க்கு 102. கருவியை மனைவி பக்கம் திருப்பிக் காட்டினேன். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இசிஜி எடுத்தோம், தைராய்டு பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கு இருந்தது கேஸ் இல்லை, துக்கம்.

ஒரு ஜோடியை வைத்து உலகத்துக்கு விதி எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆராய்ச்சிகளும் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. கிரிங், கார்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தில் உணர்ச்சி காட்டியதில் பெண்கள் மிக அதிகம். ஆனால் "உள்ளுக்குள் எவ்வளவு உணர்ந்தீர்கள்" என்று கேட்டபோது இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. முகம் வேறு, மனசு வேறு.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வருகிறது, "அப்பா போயிட்டார்" என்கிறார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில் மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. அது ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் சேதி அனுப்புகிறது. அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று நரம்பு வழி. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் கொட்டுகிறது. சில நொடிகளில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வாய் உலரும். இரண்டாவது வழி மெதுவானது. ஹைப்போதலாமஸ் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்டி, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அது உச்சத்துக்கு வர இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகும். சண்டை முடிந்து, எல்லாரும் எழுந்து போன பிறகுதான் உடம்பு முழுதாகக் கொதிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நிறுத்தவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வைக்கிறோம், தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். அதே மாதிரி, சுரந்த கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், ஹைப்போதலாமஸிடமும், ஞாபகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹிப்போகேம்பஸிடமும் "போதும், நிறுத்து" என்று சொல்லும். கவலை நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் அந்த சுவிட்ச் சரியாக வேலை செய்யாது. தொட்டி வழிந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். விடியக்காலை மூன்று மணிக்கு முழிப்புத் தட்டி, அப்புறம் தூக்கமே வராமல் கிடப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

இது வரைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயரிங், ஒரே சுரப்பிகள். வித்தியாசம் இதற்கு மேல்தான்.

அதற்கு முன்னால் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்கும் அல்லது ஓடும் என்று அமெரிக்காவில் வால்டர் கேனன் 1915-ல் எழுதினார். அதுவே மனித குலம் முழுவதற்குமான விதி மாதிரி பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. 2000-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷெல்லி டெய்லர் என்ற உளவியலாளர் பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார். 1995-க்கு முன் மன அழுத்தத்தின்போது உடம்பில் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்த ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தான். மாதவிடாய்ச் சுழற்சியால் ஹார்மோன் ஏறி இறங்கும், கணக்குக் குழம்பும் என்று பெண்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாதி ஜனத்தொகையை விட்டுவிட்டு எழுதிய விதி! எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம். நான் மருத்துவம் படித்த காலத்தில் எங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நிலைமை மெல்ல மெல்லத்தான் மாறியது. ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் ஒரு சோதனை முறையைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் உங்களை நிற்க வைப்பார்கள். ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் 1022-லிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி 1022. இதைச் செய்தவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளந்தால் ஆண்களுக்குத்தான் அதிகமாக ஏறுகிறது. ஆமாம், ஆண்களுக்குத்தான். பெண்களில் மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஆண்கள் அளவுக்கே ஏறுகிறது. முற்பாதியில் இருப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் குறைவாக ஏறுகிறது. ஆனால் "எவ்வளவு டென்ஷனாக இருந்தது" என்று வாயால் கேட்டால் பெண்கள்தான் அதிகம் என்று சொல்கிறார்கள். அதாவது ஆண் உடம்பில் அதிகம் ஏறி வாயில் குறைவாகச் சொல்கிறான். "ஒண்ணுமில்ல" என்ற அந்த ஒற்றை வார்த்தையை இனிமேல் கேட்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது லாரா ஸ்ட்ரௌட் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் இரண்டு விதமான சங்கடங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று கணக்கு, ஞாபகசக்தி மாதிரி திறமையைச் சோதிப்பது. இன்னொன்று, கூட இருக்கும் இரண்டு பேர் பேச்சுவாக்கில் மெல்ல மெல்ல உங்களை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்வது. திறமைச் சோதனையில் ஆண்களுக்குக் கார்ட்டிசால் அதிகம் ஏறியது. ஒதுக்கப்பட்டபோது பெண்களுக்கு அதிகம் ஏறியது. ஐம்பது பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் நம் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தால் சொந்தக்காரர்களின் முகமெல்லாம் கண் முன்னால் வந்து போகும்.

போர் போட்டு ஆயிரம் அடி போயும் புகைதான் வந்தது என்றால் ஆண் உடைந்துபோகிறான். பாங்கில் கடன், தென்னந்தோப்பில் வாடல் நோய், ஆர்டர் கேன்சல், தறி ஓடவில்லை. "நான் தோத்துட்டேன்" என்பதுதான் அவன் காயம். பெண் அதையெல்லாம் தாங்கி நிற்கிறாள். ஆனால் சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்கு முறையாக அழைக்கவில்லை, சீர் செய்யும் நேரத்தில் தன்னைக் கூப்பிடாமல் காரியத்தை முடித்துவிட்டார்கள், ஒரம்பரை வந்த இடத்தில் எல்லாரோடும் பேசிவிட்டுத் தன்னோடு பேசவில்லை என்றால் ஆறு மாதம் தூங்கமாட்டாள். "இதுக்குப் போயா?" என்று கணவர் கேட்பார். இதற்குத்தான். அவள் உடம்பில் அந்த நேரத்தில் ஓடும் ரசாயனம், போர் வற்றியபோது அவர் உடம்பில் ஓடிய அதே ரசாயனம்.

ஆனால் இதைப் பிறவிக் குணம் என்று நான் முடித்துவிடமாட்டேன். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை தனக்குக் கொடுக்கவில்லை என்று பத்து வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கும் ஆண்களை எனக்குத் தெரியும். அதுவும் ஒதுக்கப்பட்ட வலிதானே? அதே மாதிரி பனியன் கம்பெனியில் டார்கெட் முடிக்க முடியாமல், லைன் நின்றுபோய், பாத்ரூமில் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வேலை பார்க்கும் பெண் சூப்பர்வைசர்களும் என்னிடம் வருகிறார்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும். எது தன் மரியாதை என்று ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுக்கப்படுகிறதோ, அது போகும்போதுதான் மூளை அலறுகிறது. வேலை பார்க்கும் பெண்கள் கூடக் கூட அந்தக் கோடு கலைந்துகொண்டே வருகிறது.

மூளையையே படம் பிடித்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 16 ஆண்கள், 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, நான்கு இலக்க எண்ணிலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழிக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். 2007-ல் முடிவு வெளிவந்தது. ஆண்களுக்கு நெற்றிக்குப் பின்னால் வலது பக்கத்தில், ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸில் ரத்த ஓட்டம் கூடியது. நிதானம், திட்டம், கட்டுப்பாடு இதற்கெல்லாம் அந்தப் பகுதிதான் பொறுப்பு. பெண்களுக்கு லிம்பிக் பகுதிகளில், உணர்ச்சியோடும் உறவோடும் சம்பந்தப்பட்ட உள்பகுதிகளில் கூடியது. இதை எடுத்துக்கொண்டு "ஆண் அறிவால் யோசிக்கிறான், பெண் உணர்ச்சியால் யோசிக்கிறாள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு பேரின் சராசரி அது. நெற்றிப் பகுதி வேலை செய்கிறது என்றால் அந்த மனிதர் அமைதியாக இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை, அடக்கிப் பிடிக்கச் சிரமப்படுகிறார் என்றும் இருக்கலாம். அந்த ஆய்விலேயே ஆண்களுக்கு அந்த இடத்து மாற்றம் கார்ட்டிசாலோடு சேர்ந்தே போனது.

மூளை அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் மூளை சராசரியாகச் சுமார் 11 சதவீதம் பெரிது. உடம்பு பெரிது, மூளையும் பெரிது, அவ்வளவுதான். அந்த அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி வித்தியாசங்களில் பெரும்பாலானவை மறைந்துவிடுகின்றன. இஸ்ரேலைச் சேர்ந்த டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்து 2015-ல் எழுதினார்கள். எல்லா அம்சத்திலும் "ஆண் பக்கம்" அல்லது "பெண் பக்கம்" மட்டுமே இருக்கும் மூளை மிக அரிது. பவானி ஜமக்காளத்தில் பல நிறப் பட்டைகள் ஓடுகிற மாதிரி, ஒவ்வொருவர் மூளையும் ஒரு கலவை. ஜமக்காளத்தில் பட்டைக்கு ஒரு வரிசை உண்டு, மூளையில் அதுவும் கிடையாது.

இனி உங்கள் தூக்கத்தைப் பற்றி. நம் பக்கத்தில் "வெசனம்" என்று சொல்கிறோமே, அதற்கு அருகில் வரும் ஒன்றைத்தான் சூசன் நோலன்-ஹோக்ஸெமா என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். நடந்ததையே திரும்பத் திரும்ப மனதில் ஓட்டுவது. "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா", "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது". மாடு அசை போடுகிற மாதிரி. பெண்கள் இப்படி அசை போடுவது சராசரியாக அதிகம் என்றும், மனச்சோர்வு அவர்களுக்கு நீளுவதற்கு இது ஒரு காரணம் என்றும் அவர் காட்டினார். அசை போடுவது யோசிப்பது மாதிரியே தெரியும், அதுதான் சிக்கல். யோசனைக்கு முடிவு உண்டு, வெசனத்துக்குக் கிடையாது. கார்ட்டிசால் மோட்டாரை நிற்க விடாமல் வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு.

ஆனால் பெண்களிடம் ஒரு பெரிய மருந்தும் இருக்கிறது. முன்னே சொன்ன டெய்லர் அதற்கு "tend and befriend", அதாவது அணைத்துக் காப்பது, துணை சேர்வது என்று பெயர் வைத்தார். கஷ்டம் வந்தால் பெண்கள் பல நேரம் சண்டைக்கும் நிற்பதில்லை, ஓடுவதும் இல்லை, குழந்தைகளை அணைத்துக்கொள்கிறார்கள், இன்னொரு பெண்ணிடம் போகிறார்கள் என்றார். இதில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, பெண்களிடம் அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதன் வேலையை வலுப்படுத்துகிறது என்பது அவர் கருத்து.

நம் எழவு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் பறை அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் பெண்கள் வந்து இறங்குவார்கள். வண்டியிலிருந்து இறங்கும் வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தவர், வாசல்படி மிதித்ததும் குரல் எடுத்து அழுதுகொண்டு உள்ளே போவார். அங்கே உட்கார்ந்திருப்பவரைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி, ஒருவர் ஒப்பாரி சொல்ல மற்றவர் வாங்கிச் சொல்வார். என் சின்ன வயதில் இதை நடிப்பு என்று நினைத்திருக்கிறேன். நான் நினைத்தது தவறு. தொடுதல், சேர்ந்த மூச்சு, சேர்ந்த குரல், இறந்தவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவது. ஒருத்தி தனியாகச் சுமக்க வேண்டியதை இருபது பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். மூச்சும் நாடியும் மெல்ல இறங்குவதை அங்கேயே கண்ணால் பார்க்கலாம்.

அதே நேரத்தில் மூத்த மகன் எங்கே இருக்கிறான்? ஷாமியானாவுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஐஸ் பெட்டி, வண்டி, மயானத்தில் குழி, வந்தவர்களுக்குக் காபி, யாருக்குப் போன் போகவில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மழை, மஞ்சள் விலை, அரசியல் பேசுகிறார்கள். வருகிறவர்கள் அவன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு நகர்கிறார்கள். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும் தொடுதல். மூன்றாம் நாள் எல்லாரும் போன பிறகு அவன் தனியாக நிற்கிறான். அழ நேரம் வந்தபோது அழும் இடம் கலைந்துவிட்டது.

ஆண்களுக்கு அந்தத் துணை தேவை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் பெர்னாடெட் வான் டாவன்ஸ் குழுவினர் 2012-ல் ஆண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில், மன அழுத்தத்துக்கு உள்ளான ஆண்கள் மற்றவர்களை அதிகம் நம்பினார்கள், தங்களிடம் இருந்ததை அதிகம் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களும் மனிதத் துணையைத்தான் தேடுகிறார்கள். நம் ஊர் பேக்கரி வாசலில் பொழுதோட டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். ஆனால் நிற்பார்கள். அது அவர்களின் துணை தேடல். உங்கள் கணவர் அந்த பேக்கரிக்கும் போகாமல் தோட்டத்தில் ஒற்றையாக உட்கார்கிறார் என்பதுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

இந்த இரண்டு வழிகளுக்கும் இரண்டு விதமான விலை இருக்கிறது. மனச்சோர்வு நோய் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. ஆனால் வேலை முடிந்து வந்து சமைத்து, மாமியாரைப் பார்த்து, காலை நாலரைக்கு எழும் வாழ்க்கைக்கும் பங்கு உண்டு, அதை மூளை மேல் மட்டும் போடக்கூடாது. துக்கத்தில் பெண்களுக்கு வரும் இன்னொரு ஆபத்து டகோட்சுபோ. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் எழுதியது. அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பக்கம் பலூன் மாதிரி உப்பி, அவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்துக்கு வந்துவிடும். வருகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள். எழவு வீட்டில் ஒரு அத்தையோ பெரியம்மாவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் தண்ணீர் தெளித்து உட்கார வைக்காதீர்கள், "பாசம் தாங்கல" என்று விட்டுவிடாதீர்கள். உடனே இசிஜி எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள், ஆனால் பார்த்தால்தான்.

ஆண்கள் கொடுக்கும் விலை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஆண்கள். மனச்சோர்வு பெண்களுக்கு அதிகம், உயிர் போவது ஆண்களுக்கு அதிகம் என்றால் என்ன அர்த்தம்? ஆண்களின் துக்கம் சாராயம், கோபம், வேலைவெறி, முதுகுவலி, கேஸ் ட்ரபிள் என்று மாறுவேடத்தில் வருகிறது. நாங்களும் பல நேரம் கேஸுக்கு மாத்திரை எழுதிவிட்டு அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அதனால்தான் இப்போது நாற்பது வயதைத் தாண்டிய ஆண் யார் நெஞ்சு கரிப்பு என்று வந்தாலும், பரிசோதனை முடிந்ததும் "வீட்டில் யாராவது தவறிட்டாங்களா, கடன் ஏதாவது இருக்கா" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அவரை எதிரில் உட்கார வைத்து "மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். கண்ணுக்குக் கண் பார்த்துக் கேட்டால் அவருக்கு அது விசாரணை மாதிரி இருக்கும், நாடி இன்னும் ஏறும், வாய் இன்னும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருங்கள். கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது, தேங்காய் பொறுக்கும்போது, வண்டியில் போகும்போது. "மாமா இந்த நேரத்துக்கு இங்கதான உக்காந்திருப்பாரு" என்று நீங்கள் மாமனாரைப் பற்றிப் பேசிவிட்டு விட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. சண்டை வந்துவிட்டால் அரை மணி நேரமாவது விட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள், அந்த ஹார்மோன் இறங்க நேரம் வேண்டும். தோட்டத்தில் உட்கார்வதைத் தடுக்க வேண்டாம். அதுவும் துக்கம் கொண்டாடுவதுதான்.

ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். சாப்பாடு குறைகிறதா, குடி புதிதாகச் சேர்ந்திருக்கிறதா அல்லது கூடியிருக்கிறதா, தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறதா, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி பேச்சு வருகிறதா, சொத்துப் பத்திரம், கடன் விவரங்களையெல்லாம் திடீரென்று உங்களிடம் ஒப்படைக்கிறாரா. இதில் கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. ராத்திரி நேரமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், இலவசம், தமிழில் பேசுவார்கள். உங்களுக்கும் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களும் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைத் தங்கச்சியிடம் தினமும் இரண்டு மணி நேரம் பேசி அழுதால் பாரம் இறங்குவதற்குப் பதில் சில நேரம் ஏறவும் செய்யும். பேசுங்கள், அப்புறம் எழுந்து இரண்டு பேருமாக ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

பையனைப் பற்றி. அவன் அப்பனாட்ட ஆவதற்கு அவன் மூளையில் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் உணர்ச்சி காட்டுவதில் பெரிய வித்தியாசமே இல்லை. வயது ஏற ஏறத்தான், பார்த்தும் கேட்டும் அடங்கியும், அந்த இடைவெளி விழுகிறது. மனச்சோர்வில் பெண்களுக்கு இருக்கும் இரண்டு மடங்குகூட பருவ வயதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்பது வயதில் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. குழந்தைகளின் துக்கம் விட்டு விட்டு வரும். அழுதவன் பத்து நிமிடத்தில் கிரிக்கெட் ஆடப் போவான், ராத்திரி படுக்கும்போது "தாத்தாவுக்கு அங்க குளுருமா" என்பான். இரண்டும் இயல்பு. அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். "அழாத" என்றவர்களை எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. அவர்களும் அப்படித்தான் அடக்கப்பட்டவர்கள். பையனிடம் தனியாக, "உனக்குத் தாத்தான்னா உசுரு, அதான் அழுகை வருது" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பொழுதோட அவர் தோட்டத்துக்குக் கிளம்பும்போது பையனையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். தாத்தா எந்த வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுப் படுப்பார், கிணற்றில் அப்பாவுக்கு எப்படி நீச்சல் பழக்கினார், அந்தச் செவலை மாட்டை எந்தச் சந்தையில் வாங்கினார் என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். உங்களிடம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் மனிதர், அவனிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.